மெட்ராஸ் பெயரில் ஒரு சிப்பி - நாம் சாப்பிடாமல் விட்ட கதை

மெட்ராஸ் என்ற பெயரை ஊர் 1996-ல் மாற்றிக்கொண்டது. ஆனால் உலகம் அந்தப் பெயரை விட்டபாடில்லை. கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ'. கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர். பழைய கட்டிடங்களின் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. இந்தப் பட்டியலில் நம்மில் பலர் கேள்விப்படாத இன்னொன்றும் உண்டு. அது ஒரு சிப்பி. அறிவியல் பெயர் க்ராஸோஸ்ட்ரியா மெட்ராஸென்சிஸ். தமிழில் சொன்னால் 'மெட்ராஸைச் சேர்ந்த சிப்பி'.

பி.காம். படிக்கிறவனுக்குச் சிப்பியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சிப்பியின் கதையில் விலங்கியலைவிட வணிகவியல்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி. சரக்கு இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது, அரசு ஆராய்ச்சி நிலையம் இருந்தது, கடற்கரை ஆயிரம் கிலோமீட்டர் இருந்தது. இருந்தும் தமிழ்நாட்டில் தொழில் உருவாகவில்லை. பக்கத்து மாநிலத்தில் உருவானது. ஏன்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எந்தச் சிப்பி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் 'சிப்பி' என்றால் எல்லாம் அடங்கிவிடும். மெரினா மணலில் பொறுக்குகிற கிளிஞ்சலும் சிப்பி, முத்து தருவதும் சிப்பி, கன்னியாகுமரிப் பக்கம் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்துக் குழம்பு வைப்பதும் சிப்பி. எண்ணூர், பழவேற்காடு மீனவர்களிடம் இந்த வகை உயிர்களுக்கு 'ஆழி' என்ற சொல்லும் உண்டு. இலக்கியத்தில் ஆழி என்றால் கடல். இவர்கள் பேச்சில் அது கடலில் கிடைக்கும் ஓர் உயிர்.

முத்துச் சிப்பி வேறு. அது கடலடிப் பாறைத் திட்டுகளில் நூல் போன்ற நாரினால் ஒட்டிக்கொண்டு வாழும். மன்னார் வளைகுடா அதற்குப் பெயர் போனது. நம் கதாநாயகன் சாப்பிடும் சிப்பி. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் முகத்துவாரம், உப்பங்கழி, காயல் இவைதான் அதன் வீடு. வெளியே பார்த்தால் ஒழுங்கில்லாத கரடுமுரடான கல் மாதிரி இருக்கும். இரண்டு ஓடுகளில் இடது ஓட்டைப் பாறையிலோ பழைய சிப்பி ஓட்டிலோ சிமென்ட் வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு ஆயுள் முழுக்க இடம் மாறாது. அது மட்டுமல்ல, பெரும்பாலும் ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறிவிடும்!

இந்தியாவில் சாப்பிடும் சிப்பி இது ஒன்றுதான் என்று இல்லை. மேற்குக் கரையின் வடபகுதியில், மகாராஷ்டிரம், குஜராத் பக்கம், க்ரைஃபாய்டிஸ் என்ற இனம் உண்டு. கடலோரப் பாறைகளில் எங்கும் ஒட்டியிருக்கும் சின்னப் பாறைச் சிப்பியும் உண்டு. ஆனால் வளர்ப்பதற்கு ஏற்றது என்று எல்லோரும் தேர்ந்தெடுத்தது மெட்ராஸ் சிப்பியைத்தான். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஓரளவு தாங்கும், வேகமாக வளரும், கிழக்குக் கரையிலும் தென்மேற்குக் கரையிலும் பரவலாகக் கிடைக்கும். தொழிலுக்கு வேறென்ன வேண்டும்?

பெயர் வந்த கதை

1916-ல் பிரெஸ்டன் என்ற ஆங்கிலேய நத்தை, சிப்பி ஆய்வாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். கொச்சி, எண்ணூர் ஆகிய இரண்டு இடங்களின் உப்பங்கழிகளில் சேகரித்த ஓட்டுயிர்களைப் பற்றியது அது. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியக இதழில் வந்தது. 'மெட்ராஸென்சிஸ்' என்ற பெயர் 1916-ஆம் ஆண்டின் பிரெஸ்டன் பெயராகத்தான் பதிவாகியிருக்கிறது. கொச்சி, எண்ணூர் என்ற இந்த ஜோடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஆனால் பெயர் வைப்பதற்கு முன்பே இந்தச் சிப்பியை வளர்க்கும் முயற்சி சென்னைக்குப் பக்கத்தில் தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கியவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

பழவேற்காட்டுக்கு வந்த பிரெஞ்சு யோசனை

அதற்கு முன் இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டும். சர் ஃபிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவு பற்றிப் படித்திருந்தால் இவரைத் தெரிந்திருக்கும். விவசாயக் கடன் வங்கிகள் பற்றி 1895-97-ல் சென்னை அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் வரலாறு அந்த அறிக்கையில்லாமல் தொடங்காது. அதே நிக்கல்சன்தான் சென்னை மாகாணத்தின் மீன்துறைக்கும் தந்தை. 1907-ல் அந்தத் துறை உருவானபோது தலைமை அவருடையது. மீனவர் கடனும் மீன் பதப்படுத்தலும் அவருக்கு ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கங்களாகத் தெரிந்தன.

ஹார்னெல் 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மேனுடன் இலங்கையின் முத்துப் படுகைகளை ஆராய வந்தவர். பிறகு சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து, நிக்கல்சனுக்குப் பின் அதன் தலைவரானார். சங்கு, முத்து, தோணி, கட்டுமரம் என்று இவர் எழுதாத கடல் விஷயம் இல்லை. 1910-ல் சிப்பி பற்றி இரண்டு வெளியீடுகள் கொண்டுவந்தார். ஒன்று, சென்னை உப்பங்கழிகளில் சிப்பி எப்போது முட்டையிடுகிறது, அதைத் தீர்மானிப்பது எது என்பது பற்றி. இன்னொன்று, பிரான்ஸின் ஆர்க்கஷான் விரிகுடாவில் சிப்பி வளர்க்கும் முறையும் இந்தியா அதிலிருந்து கற்க வேண்டியதும். அதே காலத்தில் பழவேற்காட்டு ஏரியில் வளர்த்தும் பார்த்தார். இந்தியாவில் சாப்பிடும் சிப்பியை வளர்க்க நடந்த முன்னோடி முயற்சி என்று துறை வரலாறுகள் அதைத்தான் குறிப்பிடுகின்றன.

ஏன் ஆர்க்கஷான்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் இயற்கைச் சிப்பிப் படுகைகள் அள்ளி அள்ளித் தீர்ந்துபோயின. விக்டர் கோஸ்ட் என்ற பேராசிரியர் இத்தாலியில் பழங்காலம் தொட்டுச் செய்துவந்த முறையைப் பார்த்துவிட்டு, கடலில் சிப்பியைப் பயிர் செய்யலாம் என்று மூன்றாம் நெப்போலியனிடம் எடுத்துச் சொன்னார். 1850-களின் இறுதியில் அரசு பணம் கொடுத்தது. சிப்பிக் குஞ்சு ஒட்டுவதற்குக் கூரை ஓடுகளை நீரில் வைத்தார்கள். குஞ்சு ஒட்டியது. ஆனால் பெயர்க்கும்போது உடைந்தது. விடை சொன்னவர் மிஷேலே என்ற கொத்தனார். ஓட்டின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி வையுங்கள், சாந்தோடு சேர்த்துச் சுரண்டினால் குஞ்சு முழுசாக வந்துவிடும் என்றார். பேராசிரியரும் பேரரசரும் சேர்ந்து தொடங்கியதை ஒரு கொத்தனார் லாபத்துக்குக் கொண்டுவந்தார்!

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் சிப்பிக்கு இன்னொரு பாடமும் கிடைத்திருந்தது. 1902-ல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் நடந்த ஒரு விருந்தில் எம்ஸ்வொர்த் என்ற ஊரின் சிப்பிகளைச் சாப்பிட்டவர்களுக்கு டைஃபாய்டு வந்தது. வின்செஸ்டர் தேவாலயத்தின் தலைமைக் குருவே இறந்துபோனார். காரணம், சிப்பிப் படுகைக்குப் பக்கத்திலேயே சாக்கடை விட்டிருந்தார்கள். எம்ஸ்வொர்த்தின் சிப்பி வியாபாரம் அதோடு படுத்துவிட்டது. பல தலைமுறை சம்பாதித்த நல்ல பெயர், ஒரே விருந்தில் போனது.

பழவேற்காட்டு முயற்சி தொழிலாக வேரூன்றவில்லை. வெள்ளைக்காரர்கள் மேஜைக்குத் தேவைப்பட்ட பொருள் அது. அந்த மேஜைக்கு வெளியே வாங்குவதற்கு ஆள் இல்லை.

சதையை விட்டோம், ஓட்டை மென்றோம்

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஊர் சிப்பியைப் பயன்படுத்தாத ஊரல்ல. கிளிஞ்சலையும் சிப்பி ஓட்டையும் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அதில் வீடு கட்டினோம், சுவர் பூசினோம். மெட்ராஸ் சுண்ணாம்பின் பளபளப்புக்கு மூலம் அந்த ஓட்டுச் சுண்ணாம்புதான். வெற்றிலைக்குத் தடவியதும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். அதாவது ஓட்டை மென்று துப்பினோம், உள்ளே இருந்த சதையை மட்டும் தொடவில்லை.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் இணைப்பொருள், துணைப்பொருள் என்று ஒரு பாடம் வரும். ஒரே உற்பத்தியில் இரண்டு பொருள் கிடைத்தால் எது முக்கியம், எது உபரி என்று தீர்மானிப்பது. சிப்பியின் மொத்த எடையில் சதை பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, மீதி ஓடும் நீரும். ஆர்க்கஷான்காரனுக்குச் சதை முதன்மை, ஓடு உபரி. நமக்கு ஓடு முதன்மை, சதை கழிவு. பொருள் ஒன்றுதான். எது சரக்கு என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது.

உலகம் சுற்றிய இன்னொரு சிப்பி

மெட்ராஸ் சிப்பி இங்கே தூங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதன் உறவுக்காரன் ஒருவன் உலகத்தையே வளைத்துப் பிடித்தான். ஜப்பானின் பசிபிக் சிப்பி. இன்று உலகில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் சிப்பி இனங்களில் ஒன்று. இதன் கதையைத் தெரிந்துகொண்டால்தான் நம் கதையில் என்ன குறை என்பது புரியும்.

1919-ல் ஜப்பானின் மியாகிப் பகுதியிலிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குக் கப்பலில் சிப்பிகள் போயின. போய்ச் சேர்ந்தபோது பெரிய சிப்பிகள் செத்துவிட்டன. நஷ்டம் என்று கடலில் கொட்டினார்கள். சில காலம் கழித்துப் பார்த்தால் ஓடுகளில் ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் பிழைத்து வளர்ந்திருந்தன. அப்படியானால் முழுச் சிப்பியை அனுப்ப வேண்டாம், குஞ்சை அனுப்பினால் போதும்! மியாகி அமெரிக்க மேற்குக் கரைக்கே விதைப் பண்ணையாக மாறியது.

பிரான்ஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 1868-ல் போர்ச்சுகலிலிருந்து சிப்பி ஏற்றி வந்த ஒரு கப்பல் புயலுக்கு ஒதுங்கியது. சரக்கு அழுகிவிட்டது என்று நினைத்து ஜிரோந்த் முகத்துவாரத்தில் கொட்டினார்கள். சில உயிரோடிருந்தன. 'போர்ச்சுகீசியச் சிப்பி' பிரான்ஸ் கரையெங்கும் பரவிவிட்டது. (அந்தப் போர்ச்சுகீசியனே உண்மையில் ஆசியாக்காரன் என்று பிற்காலத்து மரபணு ஆய்வு காட்டியது. போர்ச்சுகீசியக் கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்கிறார்கள்.) 1970 வாக்கில் நோய் வந்து அந்தச் சிப்பிகள் மொத்தமாக அழிந்தன. அப்போது ஜப்பானியப் பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்துதான் பிரான்ஸ் தன் தொழிலைக் காப்பாற்றியது. 2011-ல் சுனாமி மியாகியின் சிப்பிப் பண்ணைகளை அடித்துக்கொண்டு போனபோது, பிரெஞ்சுக்காரர்கள் பழைய நன்றிக்கடனாக உபகரணங்கள் அனுப்பி உதவினார்கள்.

இன்று பிரான்ஸின் மரேன்-ஒலரோன், ஜப்பானின் ஹிரோஷிமா, மியாகி, அமெரிக்கக் கரையின் ஒவ்வொரு விரிகுடா என்று இடத்துக்கு ஒரு பெயரில் சிப்பி விற்கிறது. இனம் ஒன்றே, பெயர் பல. சிப்பி தான் இருக்கும் நீரை வடிகட்டித் தின்னும் உயிர். நீரின் உப்பு, அதில் மிதக்கும் பாசி, குளிர், ஓதம் எல்லாம் அதன் சுவையில் இறங்கிவிடும். மதுரை மல்லி, சேலம் மாம்பழம் என்று நாம் சொல்வதில்லையா, அதே கதைதான். ஊர்ப்பெயர் போட்டு விற்றால் அதிக விலை கிடைக்கும். ஆனால் அந்தப் பெயரை நம்பி வாங்க வேண்டுமானால் அந்த ஊரின் தண்ணீரையும் நம்ப வேண்டும். எம்ஸ்வொர்த் மறந்தது அதைத்தான்.

தூத்துக்குடியில் மறுபடியும்

ஹார்னெலுக்குப் பிறகு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சிப்பி வளர்ப்பில் பெரிய அசைவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 1950-களில் சிப்பி வளரும் வேகம், உப்பின் அளவு மாறினால் என்ன ஆகும் என்றெல்லாம் 'இந்திய உப்பங்கழிச் சிப்பி' என்ற பெயரில் இதைப் பற்றி எழுதினார்கள்.

1947-ல் தொடங்கி மண்டபத்தில் வளர்ந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் தூத்துக்குடியில் சிப்பி வளர்ப்பைக் கையில் எடுத்தது. அதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி முத்துக்குளித்தலின் ஊர். கொற்கை காலத்திலிருந்து கிரேக்கரும் ரோமரும் எழுதிவைத்த தொழில் அது. 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளித்தல் நடக்கவில்லை. கடலில் சிப்பி குறைந்துவிட்டதால், வளர்த்துப் பார்ப்போம் என்று இறங்கினார்கள். 1973-ல் அழகர்சாமி என்ற விஞ்ஞானி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அதே தூத்துக்குடியில் நாகப்பன் நாயர், மகாதேவன் ஆகியோர் சாப்பிடும் சிப்பியின் வளர்ப்பு முறையை வகுத்தார்கள்.

முறை எளிமையானது. முட்டையிடும் காலத்தில் சுண்ணாம்பு பூசிய ஓடுகளை நீரில் வைப்பது. ஆமாம், ஆர்க்கஷான் கொத்தனாரின் அதே யுக்தி. மிதந்து திரியும் குஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் வளர்ந்ததும் சுரண்டி எடுத்து, கம்புகள் நட்டுக் கட்டிய பரண்களில் வலைத் தட்டுகளில் வைப்பது. தீனி போட வேண்டாம், கடலே போடும். நண்டும் நத்தையும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சேறு படிந்தால் கழுவ வேண்டும். ஓர் ஆண்டு வாக்கில் உள்ளங்கை அளவு சிப்பி தயார். 1980-களின் தொடக்கத்தில் குஞ்சு பொரிப்பகத்திலும் வெற்றி கண்டார்கள். அதாவது விதைக்குக் கடலை நம்பியிருக்க வேண்டாம் என்ற நிலை. 1987-ல் மொத்த அனுபவத்தையும் தொகுத்து நிலையமே ஒரு நூலாக வெளியிட்டது.

மியாகியிடம் இருந்த விதை நம்மிடமும் வந்தாயிற்று. இனி தொழில் கிளம்ப வேண்டியதுதானே? கிளம்பவில்லை.

கேரளம் செய்தது என்ன?

1990-களின் நடுவில் அதே நிலையத்தின் விஞ்ஞானிகள் (தலைமையகம் அதற்குள் கொச்சிக்குப் போயிருந்தது) இந்த முறையை கேரளக் காயல்களுக்குக் கொண்டுபோனார்கள். கொல்லத்துக்குப் பக்கத்து அஷ்டமுடிக் காயலில் தொடங்கி, வடக்கே எர்ணாகுளம் மாவட்டத்தின் சத்தார் தீவு வரை பரவியது.

அங்கே முறையை இன்னும் மலிவாக்கினார்கள். ஓடு, சுண்ணாம்பு, தட்டு எல்லாம் வேண்டாம். தின்றுபோட்ட சிப்பி ஓட்டில் ஓட்டை போட்டு, ஐந்தாறு ஓடுகளைக் கயிற்றில் இடைவெளி விட்டுக் கோத்து, மூங்கில் பரணிலிருந்து தொங்கவிடுவது. இந்த மாலைக்கு 'ரென்' என்று பெயர், ஜப்பானியச் சொல். குஞ்சு அதிலேயே ஒட்டி அதிலேயே வளரும். மழை குறைந்து காயல் நீரில் உப்பேறியதும் தொங்கவிட்டு, அடுத்த தென்மேற்குப் பருவமழை வருவதற்குள் அறுவடை. மழை வந்தால் காயல் நன்னீராகிச் சிப்பி செத்துவிடும், அதனால்தான் இந்த அவசரம். நல்ல விளைச்சல் இருந்தால் ஏழெட்டு மாதத்தில் பணம். பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் கடன் வாங்கிப் பண்ணை போட்டன. ஆவியில் வேகவைத்துச் சதை எடுத்து விற்றன. பிறகு, உயிர்ச் சிப்பியைச் சுத்தமான நீரில் வைத்து அதன் வயிற்றிலுள்ள அழுக்கையும் கிருமியையும் அதுவே வெளியேற்றும்படி செய்து விற்கும் முறையும் வந்தது.

சரி, ஏன் அங்கே முடிந்தது?

இயற்கை ஒரு காரணம். கேரளத்தில் ஆண்டு முழுவதும் கடலோடு உறவு விடாத பெரிய காயல்கள் இருக்கின்றன. நம் ஆறுகளில் பலவற்றின் முகத்துவாரம் வெயில் காலத்தில் மணல் மூடி அடைபட்டுக் கிடக்கும்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் சாப்பாடு என்று நினைக்கிறேன். மலபாரில் கல்லும்மக்காய் இல்லாத விருந்து குறைவு. அஷ்டமுடிக்காரர்கள் காயலில் கிடைக்கும் சிப்பியையும் மட்டியையும் ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தார்கள். வாய் இருந்தது, அதற்குப் பண்ணை வந்தது. தமிழ்நாட்டிலும் எங்கே சிப்பி தின்பார்கள் என்று பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956 வரை அது திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் இருந்த பகுதி. மாநில எல்லை மாறினாலும் அடுப்பு மாறவில்லை.

ஜே.பி. சே என்ற பிரெஞ்சுப் பொருளியலாளரின் பெயரில் ஒரு விதி உண்டு. உற்பத்தி தனக்கான தேவையைத் தானே உருவாக்கிக்கொள்ளும் என்று பாடப்புத்தகத்தில் சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். கீன்ஸ் வந்து அதை அடித்து நொறுக்கினார். தூத்துக்குடியில் நடந்தது கீன்ஸ் பக்கம் ஒரு சாட்சி. ஹார்னெல், நாயர், மகாதேவன் எல்லோரும் 'எப்படி வளர்ப்பது' என்ற கேள்விக்கு அருமையாகப் பதில் சொன்னார்கள். 'யார் வாங்குவது' என்பது விஞ்ஞானியின் கேள்வி அல்ல. அதைக் கேட்க வேண்டிய ஆட்கள் கேட்கவில்லை. இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வாங்க ஆள் இருந்தது, நம் கரையெங்கும் இறால் பண்ணை வந்தது. சிப்பிக்கு உள்ளூரிலும் ஆள் இல்லை, வெளியூருக்கு அனுப்பத் தேவையான நீர்ச் சுத்தத்துக்கும் உத்தரவாதம் இல்லை. நிக்கல்சன் கூட்டுறவையும் மீனையும் சேர்த்தே யோசித்தார். அந்த யோசனை தமிழ்நாட்டுச் சிப்பிக்கு வராமல், கேரளத்துச் சுயஉதவிக் குழுக்களில் போய்ப் பலித்தது.

தண்ணீர்க் கணக்கு

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. ஒரு சிப்பி ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல்கூட நீரை உள்ளிழுத்து வடிகட்டக்கூடியது. நீரில் மிதக்கும் பாசியைத் தின்று நீரைத் தெளிவாக்கும். படுகை படுகையாகச் சிப்பி இருக்கும் முகத்துவாரம் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தில் இப்போது சிப்பியைத் திரும்ப நட்டுக்கொண்டிருப்பது இதற்காகத்தான், தின்பதற்கு அல்ல. ஆனால் வடிகட்டியின் விதி என்ன? அழுக்கு அதிலேயே தங்கும். சாக்கடைக் கிருமி, கன உலோகம் எல்லாம் சதையில் சேரும்.

கோபாலபுரத்திலிருந்து ராதாகிருஷ்ணன் சாலையில் நேராகப் போனால் கடல். அங்கிருந்து தெற்கே திரும்பிக் கடற்கரையோடு போனால் அடையாறு முகத்துவாரம். உடைந்த பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லியிருக்கும். இது சிப்பிக்கென்றே அமைந்தது போன்ற கழிமுகம். அங்கிருந்து ஒரு சிப்பியைப் பெயர்த்து உங்கள் தட்டில் வைத்தால் சாப்பிடுவீர்களா?

வடக்கே எண்ணூர், பிரெஸ்டனின் அறிக்கைக்குச் சிப்பி கொடுத்த அதே எண்ணூர், இன்னும் மோசம். அனல் மின் நிலையச் சாம்பல், சுடுநீர், 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய். இதற்கிடையில் புது விருந்தாளி ஒன்றும் வந்திருக்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சின்னக் கறுப்புச் சிப்பி. மீனவர்கள் வைத்த பெயர் 'காக்கா ஆழி'. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கழிமுகத் தரையில் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்து, இறாலும் மட்டியும் இருக்க இடமில்லாமல் செய்கிறது. எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் இதை அகற்றக் கோரிப் போராடியிருக்கிறார்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போனது. கேரளத்து அஷ்டமுடியிலும் இதே தொல்லை, அங்கே மட்டி எடுப்பவர்கள் பிழைப்பை இது பாதித்திருக்கிறது. இத்தனைக்கும் அஷ்டமுடி மட்டித் தொழில் 2014-ல் உலகத் தரச் சான்று வாங்கியது, இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் மீன்பிடிப்பு அது.

ஆக, அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அஷ்டமுடியில் தண்ணீர் கெட்டால் வருமானம் போய்க் கூச்சல் போட ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அடையாற்றில் யாருக்கு நஷ்டம்? யார் கணக்குப் புத்தகத்திலும் அது செலவாக ஏறுவதில்லை. சிப்பிப் பண்ணை இருந்திருந்தால் தண்ணீர் தானாகச் சுத்தமாகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. தண்ணீருக்குப் பரிந்து பேச ஒரு வியாபாரமாவது இருந்திருக்கும். பொதுச் சொத்தைக் காப்பாற்ற நல்லெண்ணம் மட்டும் போதாது, அதனால் சோறு தின்பவர்களும் வேண்டும். எண்ணூரில் இன்றைக்குக் கத்திக்கொண்டிருப்பது யார் என்று பாருங்கள். அங்கே இன்னும் மீன் பிடிப்பவர்கள்தான்.

பெயரும் போகுமா?

கடைசியாக ஒரு செய்தி. உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கறாரான விதி உண்டு. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததே செல்லும். பிலிப்பைன்ஸிலும் மலேசியாவிலும் வளர்க்கும் ஒரு சிப்பியும் நம் மெட்ராஸ் சிப்பியும் ஒன்றே, இரண்டுக்கும் முன்பே 1798-ல் 'பைலினியேட்டா' என்று பெயர் வைத்தாயிற்று என்கிறார்கள் வகைப்பாட்டு அறிஞர்கள் சிலர். அவர்கள் சொல்வதே நிலைத்தால் 'மெட்ராஸென்சிஸ்' என்ற பெயர் பழைய பெயர்ப் பட்டியலுக்குள் போய்விடும். இன்னும் இந்திய ஆய்வுகளில் பழைய பெயரே பரவலாகப் புழங்குகிறது.

1916-ல் ஒரே அறிக்கையில் கொச்சியும் எண்ணூரும் சேர்ந்து இருந்தன. கொச்சிப் பக்கம் சிப்பி தொழிலானது. எண்ணூரில் கழிமுகமே உயிருக்குப் போராடுகிறது. சிப்பி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஒட்டிய இடத்தை விட்டு நகராத அதே பிடிவாதக்கார உயிர். அதைச் சுற்றி இருந்த மனிதர்கள் செய்ததும் செய்யாததும்தான் வித்தியாசம்.

அடுத்த முறை கொச்சிக்குச் சுற்றுலா போகிற நண்பர்கள் அங்கே சிப்பி கிடைத்தால் வாங்கி, நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ருசி எப்படி என்று எனக்கும் சொல்லுங்கள். ஒருகாலத்தில் நம் ஊர்ப் பெயர் வைத்த சரக்கு அது.